ஒரு பட்டை ஜாஸ்தி

நிற்கிற வண்டி எதுவானாலும் அதன் பின்னால் போய்க் குந்திவிடுவார் தேவசகாயம். பேருந்து நிலையத்து டவுன் பஸ், மண்டப வாசலில் சாமான் இறக்கும் வேன், பால் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஒரு கண்ணை இடுக்கி, வண்டியின் பின்பக்கம் இருபுறமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு எழுந்து, குறிப்பாக யாரிடமும் இல்லாமல், "லெஃப்ட்டுல உக்காந்துருக்கு" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். வண்டிக்காரர் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று சுற்றிச் சுற்றி வருவார். கடலூரில் கோயில் திருவிழா அன்று மாதாவின் தேர் வந்தபோது சனம் முழுக்க மெழுகுவத்தியோடு முன்னால் நின்றது. இவர் பின்னால் குந்தியிருந்தார். "ஜெனரேட்டர ஒரே ஓரமா ஏத்திட்டானுங்க. மாதா சாஞ்சுகினு வர்றாங்க பாரு" என்றார். அவர் மனைவி ஆரோக்கிய ராணி முழங்கையால் ஓர் இடி இடித்து, ஜெபமாலையைக் கையில் திணித்தார்.

நெல்லிக்குப்பத்தில் கடலூர் சாலையோரம் இருக்கும் 'ஆரோக்கிய மாதா ஸ்பிரிங் ஒர்க்ஸ்' என்ற தகரக் கொட்டகை அவருடையது. லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அடியில், வில்லாக வளைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுத் தகடுகள் இருக்கும். அவைதான் சுமையைத் தாங்குகின்றன. தொழிலில் அவற்றுக்குப் பட்டை என்று பெயர். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் போகும் வண்டிகள் பட்டை ஒடிந்து அவர் கொட்டகை முன்னால் வரிசை கட்டும். தேவசகாயத்துக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. ஒல்லி உடம்பு, முன்னங்கை மட்டும் உருட்டுக்கட்டை. வலது புருவத்தில் பாதியை எப்போதோ தெறித்த நெருப்புப்பொறி கொண்டுபோய்விட்டது. மிச்சப் பாதியை உயர்த்தித்தான் யாரையும் பார்ப்பார். எதிரே நிற்பவருக்குத் தம்மைச் சந்தேகப்படுகிறார் என்று தோன்றும். அது சரிதான், சந்தேகப்படத்தான் செய்வார்.

"எவ்ளோ லோடு ஏத்துவ?" என்பது கொட்டகைக்கு வரும் எவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி. டிரைவர் ஒரு கணக்குச் சொல்வார். தேவசகாயம் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். டிரைவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்ததும் மச்சான் அந்தோணிசாமியிடம் திரும்பி, "ஒரு பட்டை ஜாஸ்தி போடு" என்பார். கரும்புச் சுமையைப் பற்றி உண்மை பேசிய மனிதரை அவர் இந்தப் பிறவியில் சந்தித்ததில்லை. "சொல்றது ஒண்ணு, வயல்ல ஏத்துறது ஒண்ணு. இவன் பேச்ச நம்பி நான் பட்டை கட்டுனா வண்டி ஆலை கேட்டுல குப்புறக் கெடக்கும். யார் பேரு கெடும்? என் பேரு" என்பார். ஆலையின் எடைமேடை சொன்னால் நம்புவார். மற்றபடி, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட மனிதர்கள் சுமையைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம்.

அந்தோணிசாமி ராணியின் தம்பி. சம்மட்டி அடிப்பவர். ஆள் மாமாவைவிட இரண்டு பங்கு அகலம், வாய் நான்கு பங்கு. பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு தேவசகாயம் சிலுவை போட்டுக்கொள்ளும் ஒரு கணம் மட்டும் பேச்சை நிறுத்துவார்.

இந்த ஒரு பட்டை ஜாஸ்தி கொட்டகையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்துவிடும். ராணி கால் கிலோ கத்திரிக்காய் என்றால் பை நிறைய வரும். கொடிக்கயிறு கட்டச் சொன்னால் கப்பல் கட்டலாம் போல ஒரு வடம் வரும். மகள் ஆரோக்கிய அனிதா சிதம்பரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்ட அன்றைக்குக் கட்டிலைக் கவிழ்த்து, கால்களை ஆட்டிப் பார்த்து, நடுவில் செங்கல் அண்டை கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

"ஏம்பா, நான் என்ன அவ்ளோ கனமா?" என்று அனிதா அழாத குறையாகக் கேட்டாள்.

"நீ இல்ல. நாளைக்கு உன் கூட்டாளிங்க நாலு பேரு வந்து ஏறி உக்காருவாளுங்க. கேட்டா யாரும் உக்காரலன்னுதான் சொல்லுவ."

அனிதா சொல்லித்தான் அந்தக் கார் கொட்டகைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு, ஆடி மாதம். கரும்பு ஓய்ந்து, உலை பாதி நாள் குளிர்ந்து கிடந்த சமயம். சாலையில் ஒரு புது மாதிரிச் சத்தம் கேட்டு அந்தோணிசாமி எட்டிப் பார்த்தார். "மாமா, மூடியில்லாத சோப்பு டப்பா ஒண்ணு வருது" என்றார்.

பச்சை நிறத்தில், தரையோடு தரையாக, இரண்டே இருக்கைகளும் துணிக் கூரையும் கொண்ட பந்தயக் கார் அது. இங்கிலாந்தில் செய்து, பினாங்கு போய், அங்கிருந்து பரங்கிப்பேட்டைக் குடும்பம் ஒன்றோடு கப்பலில் வந்தது. மூக்கு நிமிர்ந்திருந்தது. பின்பக்கம் மட்டும் அடி வாங்கிய நாய் போலத் தாழ்ந்து, குழிக்குக் குழி அச்சில் இடித்துக்கொண்டு வந்தது. தேவசகாயம் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் பின்னால் போய்க் குந்திவிட்டார்.

ஓட்டி வந்த பெண் சுவேதா. அனிதா பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்கும் முதுகு போனவர்களுக்கும் உடற்பயிற்சி கொடுப்பவள். பின்னாலேயே வந்த வாடகை அம்பாசிடரிலிருந்து அவளுடைய அம்மா பொன்னி, இடுப்பில் பெல்ட்டும் கையில் ஊன்றுகோலுமாக மெதுவாக இறங்கினார். காருக்குச் சொந்தக்காரர் அவர்தான். பரங்கிப்பேட்டையில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சிதம்பரத்திலிருந்து அந்தக் காரில்தான் போய் வந்தார். சாலையோர ஊர்களில் அதற்குத் தவளைக் கார் என்று பெயர். போன வருடம் மாடிப்படியில் சறுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அறுவை நடந்தது. அதிலிருந்து வீடு, மருத்துவமனை, மறுபடி வீடு. வேறு எங்கே கூப்பிட்டாலும் வருவதில்லை. டாக்சியில் பொம்மை மாதிரி ஏற்றி இறக்கப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"புதுச்சேரியில ஒருத்தர் இந்த வண்டிய ரொம்ப நாளா கேட்டுகிட்டிருக்கார். இந்த மாசக் கடைசியில வர்றேங்கிறார்" என்றார் பொன்னி. நின்றுகொண்டேதான் பேசினார். உட்காருவதும் எழுவதும் அவருக்குத் தனி வேலை. "இதுல உக்காந்து வலியில்லாம நான் வீடு போய்ச் சேர்ந்துட்டேன்னா வண்டி எங்கிட்ட இருக்கும். முடியலன்னா சாவிய அவர்கிட்ட குடுத்துடுவேன், மேஸ்திரி. நிறுத்திவச்சுத் துடைச்சு அழகு பாக்குற ஆள் நான் இல்ல."

அம்மா சாவியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் வாசல்படியைத் தாண்டவே மாட்டார் என்பது சுவேதாவின் பயம். அதை அம்மா காதில் விழாமல் தேவசகாயத்திடம் சொன்னாள். "பழைய பட்டையையே வளைச்சுப் போட்டா பத்தாது, அனிதா அப்பா. முன்ன இருந்ததவிட மேலா ஒண்ணு போடணும். முடியுமா?"

"போட்டுடலாம்மா. எவ்ளோ லோடு ஏத்துவீங்க?"

சுவேதா சிரித்துவிட்டாள். "லோடா? நானும் அம்மாவும் ரெண்டே பேர். பின்னாடி ஒரு பை, ஒரு பிளாஸ்க்."

தேவசகாயம் மரியாதையாகத் தலையாட்டினார். அம்பாசிடர் அவர்களை ஏற்றிக்கொண்டு கண்ணுக்கு மறைந்ததும் திரும்பினார். "ரெண்டு பேருன்னா நாலு பேரு. பையின்னா மூட்டை. பிளாஸ்க்குன்னா குடம். ரெண்டு பட்டை ஜாஸ்தி போடு, மச்சான்."

"உள்ள ரெண்டு சீட்டுதான மாமா இருக்கு?"

"ஏன், மடியில உக்கார மாட்டாங்களா?"

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. பட்டையின் முனையில் இருக்கும் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். பழைய பட்டைகளுக்குப் பதில் கொட்டகையில் இருந்த நல்ல எஃகில் புதிதாக வெட்டி, உலையில் பழுக்கவைத்து, வளைத்து, எண்ணெயில் முக்கி எடுத்தார். கட்டி முடித்தபோது கார் மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. தேவசகாயம் அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. "யானை ஏறலாம்" என்றார். அந்தோணிசாமி, "யானை வந்து கேட்டுச்சா மாமா?" என்றார். அதை அவர் காதில் வாங்கவில்லை.

சொன்ன நாளில் அம்மாவும் மகளும் வந்தார்கள். பொன்னி மெல்லத் திரும்பி, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தார். முகத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் புறப்படும் சந்தோஷம். கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. சுவேதா நடை வேகத்தில்தான் அதில் ஏற்றினாள். முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறி, இறங்காமல், துள்ளி விழுந்தது. கொட்டகை வாசலுக்கே அந்தச் சத்தம் கேட்டது. கார் அங்கேயே நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

பொன்னி கதவு விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. மூச்சு சீரானதும் சொன்னார்: "மேஸ்திரி, நான் என்ன கரும்பா?"

அந்தோணிசாமி உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கிவந்தார்.

"அம்மாவ இன்னொரு தடவ இதுல ஏத்த மாட்டேன்" என்றாள் சுவேதா. "அந்தப் புதுச்சேரிக்காரருக்கு நானே போன் பண்ணிடுறேன்."

"இன்னொரு தடவ ஏறுவேன்" என்றார் பொன்னி. "ஒரே ஒரு தடவ. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்குல்ல?"

தேவசகாயம் வழக்கம்போலக் காருக்குப் பின்னால் குந்தியிருந்தார். "பட்டையில ஒரு கொறையும் இல்லம்மா. எதுக்கு வலிக்குது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

சுவேதா அம்மாவை இறக்கி முக்காலியில் அமர்த்திவிட்டு, காலியான இருக்கையைக் காட்டினாள். "நீங்க உக்காருங்க."

"நானா? சட்டையெல்லாம் கிரீஸும்மா."

"சீட்ட கழுவிக்கலாம். ஏறுங்க மேஸ்திரி" என்றார் பொன்னி.

தாம் பட்டை கட்டிய வண்டி எதிலும் தேவசகாயம் அதுவரை ஏறியதில்லை. கரும்புச் சுமைமேல் யார் ஏறுவார்கள்? அவர் போக்குவரத்தெல்லாம் ஒரு மொபெட்டில். காரில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அந்தோணிசாமி, "மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு மாமா" என்றார். சுவேதா அவரை ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கி, ரயில்வே கேட்டின் தண்டவாளங்களைத் தாண்டி, திரும்பவும் தாண்டி, கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டாள். போகும்போது அவர் மடியில் கை வைத்திருந்தார். வரும்போது ஒரு கை கதவில், ஒரு கை தலைக்குமேல் கூரைக் கம்பியில்.

இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பட்டை வளையவே இல்லம்மா" என்றார். "அது பாட்டுக்கு லோடு வரும் லோடு வரும்னு வெறச்சுகினு நிக்குது. வர்ற அடியெல்லாம் ஆளுக்குப் போவுது." பிறகு பாதிப் புருவத்தை உயர்த்திப் பொன்னியைப் பார்த்தார். "நெசமாவே நீங்க ரெண்டு பேருதானா?"

"வேற யாரு? தில்லையில இருக்குற தீட்சிதரையெல்லாம் ஏத்திகிட்டா வரப்போறேன்?"

அப்படியும் அவருக்கு மனம் கேட்கவில்லை. காரை எடைமேடையில் ஏற்ற வேண்டும் என்றார். அதே சாலையில் தனியார் எடைமேடை ஒன்று இருக்கிறது. கரும்பு வண்டிகள் ஆலைக்குள் நுழையுமுன் தங்கள் கணக்கைச் சரிபார்க்கும் இடம். சுவேதா காரை மேடையின் நடுவில் நிறுத்தினாள். அந்தப் பெரிய இரும்புத் தளத்தில் அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன செருப்பு போலக் கிடந்தது. டாக்சியில் வந்த பொன்னி மேடையிலேயே காரில் மாறி உட்கார்ந்தார். மேடைக்காரர் தங்கராசு கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"என்னா மேஸ்திரி, லோடு எங்க?"

"இதான் லோடு. எடை போடு."

"கன்னுக்குட்டி ஏத்திகினு வந்தாகூட முள்ளு அசையும். இதுக்கு என் மெஷினு தூக்கத்துல இருந்து முழிக்கவே இல்ல" என்றார் தங்கராசு.

தேவசகாயம் கூண்டுக்குள் போய் எண்ணைப் பார்த்தார். வெளியே வந்து டிக்கியைத் திறந்தார். ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு தலையணை. பக்கத்தில் ஒரு பிளாஸ்க். பிளாஸ்க்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காலி. மறுபடி கூண்டுக்குள் போய் மறுபடி எண்ணைப் பார்த்தார். பொன்னி காருக்குள்ளிருந்தபடி, "என் தோட்டையும் கழட்டி வைக்கணுமா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"வேணாம்மா" என்றார் அவர், ரொம்பச் சின்னக் குரலில்.

அன்று மாலை ராணி கால் கிலோ வெண்டைக்காய் வாங்கிவரச் சொல்லியிருந்தார். கால் கிலோ வெண்டைக்காய் வந்தது. ராணி பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். கணவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டு, "டேய், கொட்டாயில எதுனா ஆச்சா? உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லடா" என்றார்.

அடுத்த நாட்களில் கொட்டகையில் நடந்தது தேவசகாயத்துக்குப் பழக்கமில்லாத வேலை. வாழ்நாள் முழுக்கப் பட்டை சேர்த்தவர் இப்போது எடுக்க வேண்டியிருந்தது. தடித்த பட்டைகளைக் கழற்றிவிட்டு, அவற்றில் பாதிப் பருமனுள்ள எஃகில் புதிய பட்டைகள் வெட்டினார். ஒவ்வொன்றின் நுனியையும் வெற்றிலைக் காம்பு போல மெலியும்வரை இழைத்தார். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடாமல் வழுக்கிப் போக, இடையில் பிளாஸ்டிக் பட்டி வைக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. கடலூர்த் துறைமுகத்தில் மீன் வைக்கும் நீல நிற டிரம் ஒன்றை அந்தோணிசாமி வாங்கி வந்தார். அதை அறுத்துப் பட்டி போட்டார்கள். கட்டுவது, அந்தோணிசாமியைப் பின்னால் உட்காரவைத்து அழுத்துவது, கழற்றுவது, இன்னும் கொஞ்சம் இழைப்பது என்று போயிற்று. "என்ன வச்சுப் பாத்தா எப்பிடி மாமா? அந்தம்மா என்ன என் சைஸா?" என்று மச்சான் கேட்டதும், தேவசகாயம் ஆளை இறக்கிவிட்டு உமி மூட்டை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறை கட்டி முடித்ததும் அவர் கை பக்கத்தில் கிடந்த இன்னொரு பட்டையை நோக்கிப் போகும். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, வேட்டியில் துடைத்துக்கொள்ளும்.

கடைசியாகக் கட்டி முடித்த அன்று அந்தோணிசாமி கை கழுவிவிட்டு வந்தபோது, மாமா காரின் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட தடித்த பட்டைகளில் ஒன்றைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்திருந்தார்.

"இது எதுக்கு மாமா?"

"இருக்கட்டும். வழியில எதுனா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா அந்தம்மா இறங்கி நின்னு பட்டை மாத்துவாங்களா?"

"நீ வாய மூடு."

மாசக் கடைசியில் அம்பாசிடர் வந்தது. சுவேதா முதலில் தனியாக ஸ்பீடு பிரேக்கர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கதவைத் திறந்து அம்மாவுக்குக் கை கொடுத்தாள். பொன்னி உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன மேஸ்திரி, மீன் வாசனை? சூடை மீன் மாதிரி இருக்கே."

"டிரம்மு நாத்தம்மா. நாலு மழைக்குப் போயிடும்."

"போக வேணாம், இருக்கட்டும்" என்றார் பொன்னி. இந்த முறை முகத்தில் சுற்றுலா சந்தோஷம் இல்லை. கைப்பிடியைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

தேவசகாயம் பின்னால் குந்தினார். பொன்னி உட்கார்ந்த கனத்துக்குக் கார் இரண்டு விரல் அளவு தாழ்ந்து, இருபுறமும் ஒன்றுபோல நின்றது. சுவேதா ஏறியதும் இன்னொரு விரல். தலையை ஆட்டிக்கொண்டார். கார் சாலையில் ஏறியதும் எழுந்து கொட்டகைக்குள் போய் உலையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அன்றைக்கு உலையில் நெருப்பே இல்லை.

"வந்து பாரு மாமா."

"நீ பாத்துச் சொல்லு."

அந்தோணிசாமி சாலை நடுவில் போய் நின்றார். "பிரேக்கராண்ட போயிட்டாங்க. முன்சக்கரம் ஏறுது. பின்சக்கரம்... மாமா, ஏறி எறங்கிடுச்சு. கோழி எறகு மேல போன மாதிரி போவுது. நிக்கல மாமா. இன்னும் போறாங்க." கையைக் கண்ணுக்குமேல் வைத்து எட்டிப் பார்த்தார். "ரயில்வே கேட்டு. கேட்டையும் தாண்டிட்டாங்க. எங்க போறாங்க, சொல்லாம கொள்ளாம?"

ஒரு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று. பிறகு அந்தப் பழகிய சத்தம் திரும்பி வந்தது. கதவு விளிம்பில் பொன்னியின் கை இல்லை. அது வெளியே நீண்டு, விரல்களைப் பிரித்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. சுவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாலையில் புழுதி இருந்தது, அதற்காகவும் இருக்கலாம்.

தேவசகாயம் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பொன்னி மகளிடம், "டாக்சிக்காரர போகச் சொல்லு" என்றார். "கடலூர் போயி, கடலைப் பாத்துட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். புதுச்சேரிக்காரருக்குப் போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடு. பாவம், அவர் பெட்ரோலாவது மிஞ்சட்டும்." பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு, மேஸ்திரி. தண்டவாளத்துல ஏறும்போது மட்டும் பின்னாடி 'டங்'குன்னு ஒரு சத்தம். வலிக்கல. ஆனா டிக்கில என்னமோ உருளுது. நாங்க ஒண்ணும் வைக்கலையே?"

அந்தோணிசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ லோடுன்னு எல்லாரையும் கேப்பியே மாமா. இப்ப சொல்லாம ஏத்துனது யாரு?"

தேவசகாயம் காரின் பின்பக்கம் போனார். டிக்கியைத் திறந்தார். சாக்கில் சுற்றிய பட்டையை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மூடியை முழங்கையால் அழுத்திச் சாத்தினார். அந்தக் கனம் இறங்கியதில் கார் ஒரு நூல் உயர்ந்தது. அந்தோணிசாமி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. தவளைக் கார் கடலூர்ப் பக்கம் திரும்பி, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி, புளியமர நிழல்களுக்குள் சின்னதாகிப் போகும்வரை பட்டையைச் சுமந்தபடி நின்றுகொண்டே இருந்தார். குந்திப் பார்க்கவில்லை.